கூலிக்காரனைக் கைவிட்ட இந்தி சினிமா

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காதர்பேட்டைப் பக்கமோ ரயில்வே ஸ்டேஷன் பக்கமோ ஒரு நடை போய் வந்தால் போதும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசப் பையன்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து திரிந்துகொண்டிருப்பார்கள். கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வாரம் பூராவும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அந்த அரை நாள்தான் சொந்தம். அவர்கள் கையில் இருக்கும் செல்போனை எட்டிப் பாருங்கள். போஜ்புரிப் பாட்டு ஓடும். இல்லையென்றால் இந்தியில் டப் செய்த தெலுங்குப் படம் ஓடும். அதுவும் இல்லையென்றால் அமிதாப் காலத்துப் பழைய படம். மும்பையில் இப்போது எடுக்கிற நேரடி இந்திப் படம்? ரொம்ப அபூர்வம்.

இந்தி தெரிந்தவன் ஏன் புது இந்திப் படம் பார்ப்பதில்லை என்று கேட்பவர்கள் கேள்வியைத் தலைகீழாகக் கேட்கிறார்கள். இந்தி சினிமா இவனைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தி முப்பது வருடம் ஆகிறது! யாருடைய நாலணா எட்டணாவில் வளர்ந்ததோ அவனையே முதலில் திரையிலிருந்தும், பிறகு தியேட்டரிலிருந்தும் வெளியே தள்ளியதுதான் இந்தி சினிமாவின் சமீபத்திய வரலாறு. இதைத்தான் 'பரிணாம வளர்ச்சி' என்று ஆங்கிலப் பத்திரிகைகள் மெச்சிக்கொள்கின்றன.

கொஞ்சம் பின்னால் போவோம். இந்தி சினிமா என்றால் பம்பாய்க்காரன் சமாச்சாரம், தமிழனுக்கு அதில் வேலையில்லை என்ற நினைப்பு இங்கே பலருக்கு உண்டு. அது சரியில்லை. இந்தியாவின் முதல் பேசும்படமான ஆலம் ஆரா 1931 மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியானது. எடுத்தவர் அர்தேஷிர் இரானி. அதே வருடம் தீபாவளி சமயத்தில் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸையும் எடுத்தது அதே இரானியின் கம்பெனிதான். இரண்டு மொழிக்கும் பிரசவம் பார்த்த வீடு ஒன்றே. அப்புறம் கணக்கு திரும்பியது. 1948இல் ஜெமினி எஸ்.எஸ்.வாசன் சந்திரலேகாவை இந்தியிலும் எடுத்து, வடநாடு முழுக்க விளம்பரம் செய்து, மெட்ராஸில் எடுத்த படத்தை வடக்கே ஓட்டிக் காட்டினார். அதற்குப் பின்னால் ஏவி.எம். போனது, மற்றவர்களும் போனார்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கத்துச் சேதி ஒன்று உண்டு. ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் கோயமுத்தூரில் பட்சிராஜா ஸ்டுடியோ என்று ஒன்று இருந்தது. எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடுவுடையது. நாமக்கல் கவிஞர் எழுதி, மு.கருணாநிதி வசனத்தில், எம்.ஜி.ஆர். நடித்த மலைக்கள்ளன் (1954) அவருடைய படம்தான். அதே கதையை அவரே இந்தியில் ஆசாத் என்று 1955இல் எடுத்தார். திலீப்குமாரும் மீனாகுமாரியும் நடித்தார்கள். அந்த வருடத்தின் பெரிய வசூல் படங்களில் அது ஒன்று. திலீப்குமாருக்கு பிலிம்பேர் விருதும் அதற்குத்தான் கிடைத்தது. பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் கொங்கு நாட்டுக் கள்ளன் ஒருவன் வடநாட்டு ஏழைக்கும் கதாநாயகன் ஆனான். நடுவில் மொழி ஒரு தடையாக நிற்கவே இல்லை.

இதைவிட முக்கியமான படம் பைகாம். 1959இல் வாசன் மெட்ராஸிலிருந்து எடுத்த இந்திப் படம். திலீப்குமார், வைஜெயந்திமாலா, ராஜ்குமார். கதை முழுக்க மில். மில் முதலாளிக்கும் மில் தொழிலாளிக்கும் நடக்கும் சண்டை, நடுவில் சங்கம். இதையே அடுத்த வருடம் சிவாஜியை வைத்து இரும்புத்திரை என்று தமிழில் கொடுத்தார். ஆக, மில் தொழிலாளியைப் பற்றிய ஒரு பெரிய இந்திப் படம் தமிழ்நாட்டிலிருந்து போனது. இன்றைக்கு நூல் மில்லும் பனியன் கம்பெனியும் நிறைந்த இதே தமிழ்நாட்டுக்கு இந்தி பேசும் தொழிலாளியே லட்சக்கணக்கில் வந்து நிற்கும்போது, அவனைப் பற்றிப் படம் எடுக்க மும்பையிலும் ஆளில்லை, சென்னையிலும் ஆளில்லை.

அந்தக் காலத்து இந்திப் படங்களின் கதாநாயகர்கள் யார் யார்? பிமல் ராயின் தோ பீகா ஜமீன் (1953) படத்தில் பல்ராஜ் சாஹ்னி ஒரு விவசாயி. ஜமீன்தாருக்கு அவன் நிலம் வேண்டும், அங்கே மில் வரப்போகிறது. கடனைக் கட்ட மூன்று மாதத் தவணை. கல்கத்தாவுக்குப் போய் கைரிக்ஷா இழுக்கிறான். நிலத்தை விற்கவோ மீட்கவோ வழியில்லாமல் ஊரை விட்டு வந்து, மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் ஆட்கள் இன்றைக்கும் திருப்பூர் லைன் வீடுகளில் அறைக்கு ஆறு பேராகப் படுத்திருக்கிறார்கள். எழுபது வருடம் கழித்தும் படம் பழசாகவில்லை என்றால் அது படத்துக்குப் பெருமை, நாட்டுக்கு அல்ல. ஸ்ரீ 420 (1955) படத்தில் ராஜ்கபூர் பி.ஏ. பட்டத்தை வைத்துக்கொண்டு பம்பாய்க்கு வந்து லாண்டரியில் வேலை பார்க்கிறார். நயா தௌர் (1957) முழுக்க குதிரை வண்டிக்காரனுக்கும் பஸ்ஸுக்கும் போட்டி. எந்திரம் வந்தால் கூலிக்காரன் என்ன ஆவான் என்பதுதான் கேள்வி. அது பாட்டாளியின் சபதம் என்ற பெயரில் தமிழிலும் டப் ஆகி ஓடியது. பெயரைக் கவனியுங்கள். அந்தப் படம் யாருக்கானது என்பதில் டப் செய்தவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எழுபதுகளில் கண்ணீர் கோபமாக மாறியது. அவ்வளவுதான் வித்தியாசம், ஆள் அதே ஆள். நமக் ஹராம் (1973) மில்லும் சங்கமும். (தமிழில் உனக்காக நான்.) சலீம்-ஜாவேத் எழுதிய தீவார் (1975) தொழிற்சங்கத் தலைவர் ஒருவரில் ஆரம்பிக்கிறது. முதலாளி குடும்பத்தைப் பிடித்து வைத்து மிரட்ட, அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். அந்த அவமானம் மகன் கையில் பச்சை குத்தப்படுகிறது. மகன் வளர்ந்து துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். மாமூல் கேட்ட ரவுடிகளைக் குடோனுக்குள் பூட்டிக்கொண்டு அடிக்கும் காட்சியில் பம்பாய் தியேட்டர்கள் மட்டும் ஆடவில்லை. அதுவே இங்கே ரஜினிக்குத் தீ (1981) ஆனது. காலா பத்தர் (1979) நிலக்கரிச் சுரங்கத்தின் கதை. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் பக்கத்துச் சாஸ்நாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 370க்கும் மேற்பட்டவர்கள் செத்ததுதான் அந்தக் கதைக்கு வித்து. தன்பாத் என்றால் திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ் தினமும் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பெட்டிக் கணக்கில் ஆள் இறங்குவதும் அதிலிருந்துதான். அந்தப் பையன்களின் தாத்தா காலத்துச் சாவு, வெளியாகி நாலு வருடத்துக்குள் அமிதாப் நடித்த பெரிய பட்ஜெட் படமாக வந்தது! 1983இல் கூலி என்றே பெயர் வைத்து, ரயில்வே போர்ட்டரைக் கதாநாயகனாக்கி மன்மோகன் தேசாய் படம் எடுத்தார்.

இதெல்லாம் உன்னதக் கலைப்படைப்பு என்று யாரும் சொல்லவில்லை. பாதி மசாலா, பாதி நம்ப முடியாத சண்டை. முதலாளி மகள் கூலிக்காரனைக் காதலிப்பாள், கடைசியில் அம்மா கோயிலில் மணி அடிப்பாள். ஆனாலும் படம் ஆரம்பிக்கும்போது கதாநாயகனின் சட்டை கிழிந்திருந்தது. அவனுக்கு ஒரு வேலை இருந்தது, கூலி இருந்தது, கூலியை அடிக்கிற ஒருத்தன் எதிரே இருந்தான். முன் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு அது போதும்.

பிறகு என்ன நடந்தது? இதை சினிமா விமர்சகர்கள் ரசனை மாற்றம் என்பார்கள். காமர்ஸ் படிக்கிற எந்தப் பையனுக்கும் இது வேறு மாதிரி தெரியும். 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் மில் ஸ்டிரைக் ஆரம்பித்தது. இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். பெரும்பாலானோர் திரும்ப உள்ளே போகவே இல்லை. மில்கள் மூடின. மில் இருந்த நிலத்தின் விலை மில்லை விட அதிகமாக இருந்தது. லோயர் பரேலில் பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று ஷாப்பிங் மால் இருக்கிறது, உள்ளே மல்டிப்ளெக்ஸ் இருக்கிறது. எந்த வாசலில் மில்காரன் ஷிப்டுக்கு நுழைந்தானோ அதே வளாகத்தில் இன்று ஒரு படம் பார்க்க அவன் ஒரு நாள் கூலியைக் கொடுக்க வேண்டும். இந்தி சினிமாவின் முப்பது வருட வரலாற்றுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

1991இல் பொருளாதாரம் திறந்தது. 1995இல் தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே வந்தது, கதாநாயகன் லண்டன் பையன். 1997இல் பர்தேஸ். அதே வருடம் டெல்லியில் பி.வி.ஆர். அனுபம், நாட்டின் முதல் மல்டிப்ளெக்ஸ். 1998இல் மத்திய அரசு சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து தருவதாக அறிவித்தது. 2001இல் மகாராஷ்டிர அரசு மல்டிப்ளெக்ஸுக்குக் கேளிக்கை வரிச் சலுகை கொடுத்தது. வரிச் சலுகை யாருக்கு? ஐந்து ரூபாய் டிக்கெட் விற்ற தியேட்டருக்கா? அதே வருடம் கபி குஷி கபி கம், பங்களாவுக்கு ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் மகன். 2003இல் கல் ஹோ நா ஹோ, நேராக நியூயார்க். டாலரிலும் பவுண்டிலும் டிக்கெட் வாங்குகிறவன் ஒருத்தன் கிடைத்தால் பாட்னாவில் பெஞ்சு டிக்கெட் வாங்கும் இருபது பேர் தேவையில்லை. கதாநாயகனுக்கு வேலை போய்விட்டது. வேலை போனாலும் பணம் மட்டும் குறையவில்லை! பீகார், உ.பி. ஊர்களில் பழைய தியேட்டர்கள் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபம் ஆயின.

வியாபாரம் என்றால் அப்படித்தான், ஏற்றுமதியில் காசு இருந்தால் ஏற்றுமதிக்குத்தான் போவார்கள் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். திருப்பூரில் நின்றுகொண்டு இதைச் சொல்ல முடியாது. ஏற்றுமதி என்றால் என்ன என்று இந்த ஊருக்குத் தெரிந்த அளவுக்கு பாந்திராவுக்குத் தெரியாது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய் அளவுக்கு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிற ஊர், காதர்பேட்டையை இழுத்து மூடிவிட்டதா? எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவிலேயே பீகார் வியாபாரிக்கும் ஆந்திரா வியாபாரிக்கும் டஜன் கணக்கில் பனியன் கட்டுகிறார்கள். வெளிநாட்டு ஆர்டர் படுத்த வருடங்களில் பல பேரை நிற்க வைத்தது அந்த உள்நாட்டு வியாபாரம். ஒரு சந்தையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று 2025இல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஊரே பார்த்தது. மும்பைக்காரர்கள் தங்கள் காதர்பேட்டையைத் தாங்களே பூட்டிச் சாவியைத் தூக்கி எறிந்தவர்கள். இதற்குப் பெயர் வியாபாரமா?

இன்னொரு சமாதானம், கூலிக்காரன் திரையில் கூலிக்காரனைப் பார்க்க விரும்பமாட்டான், லண்டனைத்தான் பார்க்க விரும்புவான் என்பது. இதற்கு ஆதாரமாக மும்பை மராத்தா மந்திரைக் காட்டுவார்கள். அங்கே 1995இலிருந்து, கொரோனா இடைவெளி தவிர, தில்வாலே தினமும் ஒரு காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. 2014இலேயே ஆயிரம் வாரம் ஆகிவிட்டது. பார்க்கிறவர்களில் நிறையப் பேர் சாதாரண ஜனங்கள்தான். உண்மை. ஆனால் அந்தத் தியேட்டர் மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறது, டிக்கெட் சல்லிசு. ரயிலுக்குக் காத்திருப்பவன் காசுக்கு ஏற்ற இடத்தில் போய் உட்காருகிறான். தியேட்டர் கதவைத் திறந்து வைத்தால் அவன் லண்டன் கதையையும் ரசிப்பான் என்றுதான் இதிலிருந்து தெரிகிறது. கதவைச் சாத்தியதற்கு இது எப்படி நியாயமாகும்?

அப்படியானால் தொழிலாளியைப் பற்றி இப்போது படமே வருவதில்லையா? வருகிறது. எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். 2018இல் சுயீ தாகா என்று யஷ்ராஜ் ஒரு படம் எடுத்தது. தையல் மெஷினை வைத்துப் பிழைக்கும் ஏழைத் தம்பதி. தலைப்பிலேயே ஊசியும் நூலும். திருப்பூருக்காகவே எடுத்த படம் போல இருக்கும். ஆனால் முடிவு என்ன? பேஷன் ஷோ போட்டியில் கலந்துகொண்டு ஜெயிக்கிறார்கள்! பீஸ் ரேட்டுக்குப் பவர்டேபிளில் உட்கார்ந்து ஓவர்லாக் அடிக்கிற பெண்ணைக் கேட்டால் சிரிப்பாள். தையல்காரனின் கஷ்டம் தீர அவன் டிசைனர் ஆக வேண்டுமாம். தீவார் எடுத்த காலத்தில் கூலி ஏன் குறைவு என்று கேட்டார்கள். இப்போது நீ ஏன் இன்னும் முதலாளி ஆகவில்லை என்று கேட்கிறார்கள்.

சின்ன ஊர்க் கதைகள் என்று ஒரு வரிசையும் ஓடியது. பரேலி, ஹரித்வார் என்று ஊர்ப் பெயர்கள் திரும்பி வந்தன. நல்ல படங்களும் உண்டு. அதில் கதாநாயகன் கேசட் கடை வைத்திருப்பான், பிரிண்டிங் பிரஸ் வைத்திருப்பான், ஸ்வீட் ஸ்டால்காரர் மகனாக இருப்பான். அந்தக் கடையில் மூட்டை இறக்குபவன் ரயிலேறித் திருப்பூருக்கு வந்துவிட்டான் போலிருக்கிறது. அவன் கேமராவில் விழுவதில்லை.

2020 ஊரடங்கில் அவன் நெடுஞ்சாலையில் நடந்தபோது உலகமே பார்த்தது. திருப்பூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் சிறப்பு ரயில் ஏறிப் போனார்கள். சுதந்திர இந்தியா கண்ட மிகப்பெரிய இடப்பெயர்வுகளில் ஒன்று. அதை வைத்து இந்தி சினிமா என்ன செய்தது? அனுபவ் சின்ஹா 2023இல் பீட் எடுத்தார், ஓடவில்லை. 2025இல் நீரஜ் கேவான் ஹோம்பவுண்ட் எடுத்தார். சூரத் துணி மில்லில் வேலை பார்க்கும் ஒருவனும் அவன் நண்பனும் ஊரடங்கில் ஊர் திரும்பும் கதை. ஒருவன் தலித், ஒருவன் முஸ்லிம். அருமையான படம். கான் விழாவுக்குப் போனது, இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் போனது. தயாரிப்பு, கபி குஷி கபி கம் எடுத்த அதே தர்மா நிறுவனம். பாவ விமோசனம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் யாரைப் பற்றிய படமோ அவன் உட்காரும் இடத்துக்கு அது போய்ச் சேர்ந்ததா? சினிமாவில் தொழிலாளி இப்போது விழாவுக்குப் போகிறான், தியேட்டருக்கு வருவதில்லை. சாஸ்நாலாவுக்கு அமிதாபும் சத்ருகன் சின்ஹாவும் கிடைத்தார்கள். ஊரடங்குக்கு எந்தக் கான் நடிகர் கிடைத்தார்?

அந்தக் காலி இடத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. முதலில் போஜ்புரி. 1963இலேயே முதல் படம் வந்திருந்தாலும், 2004இல் மனோஜ் திவாரி நடித்த சசுரா படா பைசாவாலா கொழித்த பிறகுதான் அது ஒரு பெரிய தொழிலானது. மல்டிப்ளெக்ஸ் படங்கள் வெளியேறிய தியேட்டர்களில் இந்தப் படங்கள் ஏறின. மும்பைக்காரர்கள் ஆபாசம் என்று மூக்கைப் பிடித்தார்கள். ஆபாசம் உண்டுதான். ஆனால் ஊரை விட்டுப் போன புருஷன், டிக்கெட் கிடைக்காத ரயில், ஊரில் காத்திருக்கும் பெண்டாட்டி இதெல்லாம் பாட்டில் இருப்பது அங்கே மட்டும்தான்.

அடுத்து தெற்கு. இந்தியில் டப் ஆன கே.ஜி.எஃப். (2018) என்ன கதை? வறுமையில் செத்த தாய், பம்பாய்க்கு வந்த பையன், தங்கச் சுரங்கத்தில் அடிமைக் கூலிகள். தீவாரையும் காலா பத்தரையும் சேர்த்து அரைத்த மாதிரி இருக்கிறதா? புஷ்பா (2021) செம்மரம் வெட்டப் போகும் கூலி. கால் மேல் கால் போட்டு உட்காருவதுதான் அவனுக்குப் பெரிய கௌரவப் பிரச்சினை. முதலாளி முன்னால் உட்கார முடியாதவனுக்குத்தான் அதன் அர்த்தம் முழுசாகப் புரியும். இரண்டாம் பாகத்தின் ட்ரெய்லரை 2024 நவம்பரில் பாட்னா காந்தி மைதானத்தில் வைத்து வெளியிட்டார்கள். போலீஸ் கட்டுப்படுத்த முடியாத கூட்டம். இந்திப் பதிப்பு மட்டும் 800 கோடிக்கு மேல் வசூல் செய்து, அதுவரை வந்த நேரடி இந்திப் படங்களையெல்லாம் தாண்டியது. ஏழைக் கூட்டத்தை நம்பினால் காசு வராது என்றவர்கள் இந்தக் கணக்கை எந்தப் பக்கம் எழுதுவார்கள், வரவிலா செலவிலா? மலைக்கள்ளனை ஆசாத் ஆக்கி வடக்கே அனுப்பிய ஸ்ரீராமுலு நாயுடு எழுபது வருடத்துக்கு முன்னால் செய்த வியாபாரம்தான் இது.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் கைதட்டக் கூடாது. பதோசனில் (1968) மெஹ்மூத் போட்ட பிள்ளை வேஷத்திலிருந்து சென்னை எக்ஸ்பிரஸ் (2013) வரை தமிழனைக் கேலி செய்தார்கள் என்று கோபப்படுகிறவர்கள், தமிழ்ப் படத்தில் வடநாட்டுத் தொழிலாளி எப்படி வருகிறான் என்று சொல்லட்டும். பான்பராக் எச்சில், உடைந்த தமிழ், காமெடியனிடம் அடி. இல்லையென்றால் திருடன். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது திருப்பூர் ஸ்டேஷனில் ஊருக்குத் திரும்பக் கூட்டம் கூடியது. போலீஸ் இந்தியில் விளக்கம் கொடுத்தது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவே நேரில் வந்து விசாரித்தது. ஒரே ஷெட்டில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் வருடக்கணக்காக உட்கார்ந்தவர்களுக்கு, ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. எவனோ எங்கேயோ எடுத்த வீடியோதான் ஒருவனுக்கு இன்னொருவனை அறிமுகப்படுத்தியது. இரண்டு மொழி சினிமாவும் அந்த வேலையைச் செய்யாமல் விட்ட இடம் அது. இத்தனைக்கும், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து நாலே வருடத்தில் வந்த ஆராதனா இங்கே சக்கைப்போடு போட்டது. அரசாங்கம் திணிக்கும் மொழி வேறு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பாடும் பாட்டு வேறு என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு இன்னும் அரசு உச்சவரம்பு இருக்கிறது. அதனால் மும்பையில் முடியாதது திருப்பூரில் முடியும். ஞாயிறு சாயங்காலக் காட்சி ஒன்றை, கம்பெனி விட்டு வருபவன் கையில் இருக்கும் காசுக்கு, இந்தியிலோ போஜ்புரியிலோ ஒடியாவிலோ போட்டுப் பார்க்கலாம். தோ பீகா ஜமீனும் தீவாரும்கூடப் போடலாம். பைகாமும் இரும்புத்திரையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போட்டால் கட்டிங் மாஸ்டர் ஒரு காட்சிக்கும் ஹெல்ப்பர் இன்னொரு காட்சிக்கும் போய்விட்டு வந்து திங்கட்கிழமை டீ நேரத்தில் எது நன்றாக இருந்தது என்று சண்டை போடட்டும்.